மனையும் மனெயும்

நான் பெங்களூருக்குப் போனது விளையாடுவதற்கு. விமான நிலையத்தில், வந்த நோக்கம் என்னவென்று அதிகாரி கேட்டபோது இதைத்தான் சொன்னேன். நாற்பதைத் தாண்டிய பெண், தடித்த கண்ணாடி, கசங்கிய பருத்திச் சேலை, கையில் பெரிய அட்டைப்பெட்டி. என்ன விளையாட்டு என்று கேட்டார். ஊர் கட்டும் விளையாட்டு என்றேன். பெட்டியைத் திறக்கச் சொன்னார். உள்ளே மரத்தில் செய்த சின்னச் சின்னத் துண்டுகள்: தண்ணீர்க் குழாய், விளக்குக் கம்பம், கழிப்பறை, பஸ் தரிப்பிடம், பாலர் பள்ளி, மரம். அவர் ஒரு மரத்தை எடுத்து மேசையில் நிறுத்திப் பார்த்தார். அது விழாமல் நின்றது. போகச் சொல்லிவிட்டார்.

நான் சொன்னது பகிடி இல்லை. கொழும்பில் நான் வேலை பார்த்த சின்ன அலுவலகம், யுத்த நிறுத்தத்துக்குப் பிறகு வடக்கே ஊர் திரும்பியவர்களோடு இந்த விளையாட்டை ஆடிவந்தது. ஊரின் வரைபடத்தைத் தரையில் விரிப்போம். சனம் சுற்றிவர இருந்து, எது எங்கே வரவேண்டும் என்று துண்டுகளை வைத்துக் காட்டும். ஒரேயொரு விதிதான்: ஒருவர் ஒரு துண்டை வைத்தால் வேறு இரண்டு பேர் கை உயர்த்த வேண்டும். உயர்த்தாவிட்டால் துண்டு பெட்டிக்குத் திரும்பிவிடும். கூட்டம் போட்டால் வாயே திறக்காத மனிதர்கள், கையில் ஒரு மரக்குழாயைக் கொடுத்ததும் சண்டைக்கு வந்துவிடுவார்கள். அந்தச் சண்டையில்தான் உண்மையான சங்கதிகள் வெளியே வரும்.

என் வீடும் வடக்கேதான் இருக்கிறது. கடற்கரைக்குக் கிட்ட, இராணுவத்தின் பாதுகாப்பு வலயத்துக்குள், முள்ளுக்கம்பிக்கு அந்தப் பக்கம். யுத்த நிறுத்தம் வந்ததும் சோதனைச் சாவடி வரைக்கும் போய்ப் பார்த்தேன். வீதி வளைவில் பற்றை மண்டிக் கிடந்தது. வீடு தெரியவில்லை. எத்தனையோ ஊர்களின் வரைபடங்களை விரித்துவிட்டேன், எங்கள் ஊரினதை விரிக்க மட்டும் ஒருவரும் கூப்பிடவில்லை. வெள்ளவத்தையில் வாடகைக்கு இருந்த மாடி வீட்டில் இதை நினைக்காமல் நான் படுத்த நாள் இல்லை.

இந்த விளையாட்டைப் பற்றி எங்கேயோ கேள்விப்பட்டு என்னை அழைத்தவர் ஜெயராஜ். லிங்கராஜபுரத்துக்காரர், ஏழைகள் குடியிருக்கும் பகுதிகளில் வேலை செய்யும் ஒரு சிறு குழுவை நடத்துபவர். ஈஜிபுராவில் ஒரு சந்து, சந்தின் முடிவில் ஒரு வெறும் நிலம். அந்த நிலத்தைப் பக்கத்து வீதியில் எழும்பிக்கொண்டிருந்த கண்ணாடிக் கட்டடங்களின் கார்களுக்கு விட்டுவிடலாமா என்று மாநகராட்சியில் யோசனை. குறிப்பு எழுத வேண்டிய பொறியியலாளர் நல்ல மனிதர், சனிக்கிழமை நேரில் வந்து சந்துக்காரர்கள் என்ன கேட்கிறார்கள் என்று பார்த்துவிட்டு எழுதுவதாகச் சொல்லியிருந்தார். சனிக்கிழமைக்குள் சந்துக்காரர்களைப் பேசவைப்பது என் வேலை.

திங்கட்கிழமை விவேக் நகரில் குழந்தை இயேசு கோயிலுக்குக் கிட்ட ஓர் அறையில் தங்கவைத்தார்கள். குளிருக்குப் போர்வை கேட்டு வாங்கினேன். காலையில் தெருமுனைக் கடையில் நின்றுகொண்டே இட்லி. நிற்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, சாம்பாருக்குள் வெல்லம் போட்டதில்தான் ஆட்சேபம். என் முகத்தைப் பார்த்த பக்கத்து மனிதர், பழகினால் பிடித்துவிடும் என்றார். அவர் ஒரு கோப்பிக்குச் சொல்லி, அதை இரண்டு தம்ளர்களில் ஊற்றி வாங்கி, ஒன்றை என்னிடம் நீட்டினார். பை-டூ என்று சொன்னால் ஒரு கோப்பி இரண்டாகிவிடுமாம். முன்பின் தெரியாத ஒருவருடன் பாதிக் கோப்பி குடிப்பது கொழும்பில் நடக்காது. அந்தப் பாதிக் கோப்பி நன்றாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை ஜெயராஜின் வீட்டுக்குப் புறப்பட்டு, சிவாஜி நகரில் பிழையான பஸ்ஸில் ஏறினேன். பலகையில் இருந்தது கன்னடம். நடத்துநர் தமிழில்தான் பதில் சொன்னார், ஆனால் நான் 'லிங்கராஜபுரம்' என்று கேட்டதை அவர் வேறேதோ புரமாக விளங்கிக்கொண்டார். இந்த நகரத்தில் பாதி இடங்கள் புரத்தில் முடிகின்றன. ஊரை ஒரு சுற்றுச் சுற்றினேன். முன் இருக்கையில் ஒரு பிள்ளை கைத்தொலைபேசியில் "மனெகெ பர்தா இதீனி" என்றாள். பின்னால் இரண்டு பெண்கள் ஓயாமல் மனெ, மனெ என்று கதைத்துக்கொண்டு வந்தார்கள். கொழும்புக்கு வரும் தமிழ்நாட்டுச் சஞ்சிகைகளில் 'மனைகள் விற்பனைக்கு' என்று விளம்பரம் பார்த்துப் பழகியவள் நான். சரிதான், பெங்களூரில் எல்லோருக்கும் காணி வாங்குகிற பைத்தியம் பிடித்திருக்கிறது என்று முடிவு கட்டினேன். பஸ்ஸுக்குள்கூட அதே கதையாக இருக்கிறதே என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன்.

ஜெயராஜின் வீட்டில் மாட்டிறைச்சிப் பொரியலும் சோறும் தந்தார்கள். எங்கள் ஊரில் சேர்க்கிற மிளகாயில் கால்வாசிகூட இல்லை, ஆனால் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். பிறகு இருவருமாகத் தரையில் துணியை விரித்து அந்தச் சந்தின் படத்தை வரைந்தோம். கன்னட அட்டைகள் அச்சகத்தில் கிடந்தன, வெள்ளிக்கிழமைதான் வரும். சந்தில் பெரும்பாலும் தமிழர்கள் என்பதால் தமிழில் நானே எழுதிவிடுவதென்று தீர்மானித்தோம். ஜெயராஜ் மூன்று மொழிகளில் பொரிந்து தள்ளுவார். தமிழ் எழுத்து மட்டும் அவருக்குத் தெரியாது. படித்தது எல்லாம் இங்கிலீஷும் கன்னடமும்.

வெறும் நிலத்தைக் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் பெயர் எழுத வேண்டியிருந்தது. எங்கள் ஊரானால் 'காணி' என்று எழுதியிருப்பேன். ஆனால் இந்தியாவில் அப்படிச் சொல்வதில்லை என்று எனக்குத் தெரியும். வந்த இடத்தில் எங்கள் சொல்லைத் திணிக்கக்கூடாது என்பதில் நான் எப்போதும் கவனம். அதனால் அழகாக, தடித்த முனைப் பேனாவால், 'மனை 1', 'மனை 2' என்று வரிசையாக எழுதிக்கொண்டு போனேன். எழுதி முடித்து எட்ட நின்று பார்த்தபோது எனக்கே பெருமையாக இருந்தது.

புதன்கிழமை மாலை முதல் ஆட்டம். சந்துக்குள் ஒரு தகரக் கொட்டகை, பிள்ளையார் சதுர்த்திக்குப் பந்தல் போடுகிற இடமாம். கூரைக் கம்பில் மஞ்சளும் சிவப்புமாகக் கன்னடக் கொடி. வேலை முடிந்து வந்த பெண்கள்தான் அதிகம். அவர்களில் சகாயமேரி என்பவள் முன்னால் வந்து இருந்தாள். கண்ணாடிக் கட்டடம் ஒன்றில் தரை துடைக்கும் வேலை. கோலாரில் தங்கச் சுரங்கத்து ஆட்களுக்கான தமிழ்ப் பள்ளியில் படித்தவளாதலால் அங்கே தமிழ் வாசிக்கத் தெரிந்த இரண்டு மூன்று பேரில் ஒருத்தி. கட்டங்களில் இருந்ததை மற்றவர்களுக்கு உரக்க வாசித்துச் சொன்னாள். 'மனை ஒண்ணு, மனை ரெண்டு' என்று அவள் வாசித்ததும் கொட்டகை அமைதியாகிவிட்டது. சனம் ஊன்றிக் கவனிக்கிறது என்று நான் மகிழ்ந்தேன்.

அவள் ஒரு கட்டத்தில் விரலை வைத்து இது யாருடையது என்று கேட்டாள். இன்னும் யாருக்கும் இல்லை, இனிமேல்தான் தீர்மானிக்க வேண்டும், நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும் என்றேன். எல்லா ஊர்களிலும் நான் சொல்லும் பதில் அது. அவள் அதைத் திரும்பிப் பின்னால் இருந்தவர்களுக்குச் சொன்னாள்.

பிறகு ஆட்டம் தொடங்கியது. ஓட்டோ ஓட்டும் முனியப்பா எல்லாவற்றுக்கும் ஆட்சேபம் சொன்னார். குழாயைச் சந்தின் வாயில் வைத்தால் வண்டி திரும்பாது, கழிப்பறையைச் சுவரோரம் வைத்தால் காற்று இந்தப் பக்கம் வரும். சனம் சிரித்தது, சண்டை போட்டது, கை தூக்கியது. எல்லாம் நான் விரும்பியபடியே நடந்தது. ஒன்றைத் தவிர. எல்லாத் துண்டுகளையும் சாக்கடைக்கு மேலேயும் சுவரோரமும் நெருக்கி நெருக்கி வைத்தார்கள். பரந்து கிடந்த அந்த வெறும் நிலத்தில் ஒருவரும் எதையும் வைக்கவில்லை.

வியாழன் காலை ஆட்டத்துக்குச் சனம் இரண்டு மடங்காக வந்திருந்தது. தலைவாரி, பூ வைத்து, சிலர் குழந்தைகளுக்குப் புதுச்சட்டை போட்டு. பலர் கையில் ரேஷன் கார்டு. எங்கள் விளையாட்டுக்கு இப்படியொரு வரவேற்பை நான் கண்டதேயில்லை. மூன்றாம் நம்பருக்கு முன்னால் ஓட்டோவை நிறுத்தலாமா என்று முனியப்பா கேட்டார். வாகனம் நிறுத்துவது எங்கள் விளையாட்டில் இல்லை என்று நான் சிரித்துக்கொண்டே சொன்னேன். அவர் முகம் வாடிப்போனது ஏனென்று எனக்கு விளங்கவில்லை. அன்றைக்கும் அந்த நிலத்தில் ஒரு துண்டுகூட விழவில்லை.

ஜெயராஜ் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஒண்ணுமே வேணாங்கறாங்களா? என்ஜினியர் இதப் பார்த்தார்னா, ஜனங்களுக்கு அந்த சைட் தேவையில்லைன்னு எழுதிட்டுப் போயிருவாருங்க. பார்க்கிங்தான்."

அவர் 'சைட்' என்று சொன்னதை நான் கேட்டேன். கேட்டும் என் மண்டையில் ஏறவில்லை.

மாலையில் அறைக்குத் திரும்ப முடியவில்லை. வியாழக்கிழமை குழந்தை இயேசுவின் நாள். தெரு முழுக்க ஆட்கள், பஸ்ஸும் ஓட்டோவும் அசையவில்லை. என் ஓட்டோக்காரர் இறங்கி நடக்கச் சொல்லிவிட்டார். முக்காடிட்ட பெண்கள், குங்குமம் வைத்த பெண்கள், மொட்டை போட்ட குழந்தைகள். வேளாங்கண்ணிக்குப் போன நினைவும் மடு மாதா கோயிலுக்குப் போன நினைவும் ஒன்றாக வந்தன. தள்ளுவண்டிகளில் மெழுகில் செய்த கை, கால், கண், தொட்டில், வீடு. எந்தக் குறையோ அந்த உருவத்தை வாங்கி உள்ளே வைத்து வேண்டிக்கொள்வார்கள். ஒரு வண்டியில் சகாயமேரி நின்றுகொண்டிருந்தாள். கையில் உள்ளங்கை அளவு மெழுகு வீடு. கூரை, கதவு, இரண்டு சன்னல்.

என்னைக் கண்டதும் முகம் மலர்ந்து சொன்னாள்:

"ரொம்ப நாளா வர்றேன்க்கா. எப்பவும் மெழுகுவர்த்திதான் ஏத்துவேன். இன்னைக்குத்தான் மனெ வாங்கறேன். ஏழாம் நம்பருக்காக."

எந்த ஏழாம் நம்பர் என்று கேட்டேன்.

"உங்க படத்துல இருக்குதே, மூலை மனெ. கார்த்தால வெயில் உள்ள வரும். இப்ப இருக்கிற வூட்டுல பகல்லயே லைட்டு போடணும். ஓனர் வேற இடிக்கப் போறேன்னு சொல்லிட்டாரு, பேச்சலருங்களுக்குக் கட்டப் போறாராம். பசங்களுக்குப் பரீட்சை முடிஞ்சதும் காலி பண்ணணும்."

பஸ்ஸில் கேட்ட அத்தனை மனெயும் காதுக்குள் திரும்ப வந்தன. தொலைபேசியில் பேசிய அந்தப் பிள்ளை காணி வாங்கப் போகவில்லை, வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள். இந்த ஊரில் கன்னடத்தோடு பிறந்து வளர்ந்த தமிழர்களுக்கு நான் எழுதிய சொல் வீடு என்றுதான் கேட்டிருக்கிறது. நம்பர் போட்ட வீடு. யாருக்கும் இன்னும் கொடுக்காத வீடு. வீட்டின் தலையில் யார் கழிப்பறையைக் கொண்டுபோய் வைப்பார்கள்?

அவளை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னேன். நான் எழுதியது வீடு இல்லை, வெறும் காணி என்றேன். காணி என்றால் என்ன என்று கேட்டாள். எங்கள் சொல்லும் போய், தமிழ்நாட்டுச் சொல்லும் போய், நான் மூன்றாவதாக ஒன்றைத் தேடவேண்டியிருந்தது. காலி இடம் என்றேன்.

"சைட்டா?"

ஓம், சைட் என்றேன்.

"அப்ப மொதல்லயே சைட்டுன்னு எழுதறதுக்கு இன்னா?" கோபமாகக் கேட்கவில்லை. கோபமாகக் கேட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "பொறந்ததுலேர்ந்து கம்பெனி வூடு. கட்டிக்கினதுலேர்ந்து வாடகை வூடு. நான் வேற நெனச்சிட்டேன், பரவால்லக்கா."

மதில் ஓரமாக இரண்டு பேரும் இருந்தோம். கடலை விற்றுக்கொண்டு போன பெண்ணிடம் ஒரு பொட்டலம் வாங்கினேன், அதை அவள் தன் கைக்கும் என் கைக்கும் சரிபாதியாகக் கொட்டினாள். எனக்கு மனெ இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது என்றேன். யாரிடமும் அதிகம் சொல்லாததை அந்தக் கூட்டத்துக்குள் அவளிடம் சொன்னேன்: அப்பா படகுக்கு அடித்து மிஞ்சிய பெயின்டால் நீலமாகப் பூசிய வாசல் படலை, அதைத் திறந்தால் எழும் கிறீச்சென்ற ஓசை, முற்றத்தில் காலில் ஒட்டும் கடற்கரை மணல். அங்கே போக ஏலாது, வளவுக்குள் ஆமி நிற்கிறது என்றேன்.

அவள் கடலையை மெல்வதை நிறுத்திவிட்டு, வாடகை கொடுக்கிறார்களா என்று கேட்டாள்.

சிரிப்பு வந்துவிட்டது, கூடவே கண்ணீரும். இத்தனை வருடத்தில் அரசாங்கத்திலோ எங்கள் அலுவலகத்திலோ ஒருவரும் கேட்காத நியாயமான கேள்வி அது. இல்லை என்றேன். அவள் உச்சுக்கொட்டினாள். பிறகு மெழுகு வீட்டை முந்தானையில் சுற்றிக்கொண்டு, கோயிலுக்குள் போய் வெறும் மெழுகுவர்த்தி மட்டும் ஏற்றிவிட்டு வந்தாள். வீட்டை உள்ளே வைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை கொட்டகையில் எல்லோர் முன்னாலும் சொன்னேன். ஜெயராஜ் கன்னடத்தில் திருப்பிச் சொன்னார். ரேஷன் கார்டுகளைப் பிளாஸ்டிக் பைகளுக்குள் போட்டு மடித்தார்கள். ஒரு வயதானவர் எழுந்து வேட்டியை உதறிக்கொண்டு போய்விட்டார். பூ வைத்துக்கொண்டு வந்திருந்த ஒரு பெண், சும்மாவா கூப்பிட்டீங்க என்று மட்டும் கேட்டாள். எனக்கு அந்தத் துணியைச் சுருட்டிப் பெட்டியில் அடைத்துக்கொண்டு அடுத்த விமானத்தைப் பிடிக்க வேண்டும் போல இருந்தது. முனியப்பா என் சொற்பொழிவைப் பாதியில் நிறுத்தி, அச்சகத்திலிருந்து வந்த கன்னட அட்டையைக் காட்டினார். அதில் சரியாக 'சைட்' என்றே போட்டிருந்தது. அதை எடுத்துத் துணியில் என் அழகான எழுத்தின் மேல் ஒட்டினோம்.

அப்போது சகாயமேரி கேட்டாள்:

"சைட்டுன்னா காலி தானேக்கா? காலியில எது வேணா வைக்கலாம்னு நீங்கதானே சொன்னீங்க?"

ஓம், சொன்னேன் என்றேன். அவள் முந்தானையை அவிழ்த்து மெழுகு வீட்டை எடுத்து ஏழாம் கட்டத்தில் வைத்தாள். ஒரு பக்கச் சன்னல் அவள் கைச்சூட்டில் சற்று நெளிந்திருந்தது.

நான் பெட்டிக்குள் பார்த்தேன். குழாய் இருந்தது, விளக்கு இருந்தது, பாலர் பள்ளி இருந்தது. வீடு என்று ஒரு துண்டு எங்கள் விளையாட்டில் இல்லை. வடக்கே யாரும் அதைக் கேட்டதில்லை. கூரை போனாலும் சுவர் போனாலும் வீடு எங்கே என்று அவரவருக்குத் தெரியும், காணி உறுதிப்பத்திரம் கையில் இருக்கும். வீடு ஏற்கெனவே உண்டு என்று வைத்துக்கொண்டுதான் மிச்சம் எல்லாவற்றையும் நாங்கள் ஆடினோம். முள்ளுக்கம்பிக்கு வெளியே நின்ற எனக்குக்கூட அப்படியொரு துண்டு வேண்டும் என்று தோன்றியதில்லை.

விதிப்படி இரண்டு கைகள் வேண்டும். முதலில் தூக்கியவர் முனியப்பா. அவர் எதற்காவது ஒத்துக்கொண்டது அந்த மூன்று நாளில் அதுதான் முதல் தடவை. இரண்டாவது கை யாருடையது என்று நான் பார்க்கவில்லை, ஏனென்றால் அதற்குள் பல கைகள் எழுந்துவிட்டன. யாரோ தெருமுனைப் பெட்டிக்கடைக்கு ஓடி வெற்றுத் தீப்பெட்டிகளை வாரிக்கொண்டு வந்தார்கள். ஒவ்வொரு குடும்பமும் ஒரு தீப்பெட்டியில் பெயர் எழுதியது, கன்னடத்தில், தமிழில், இங்கிலீஷில், ஒன்றிரண்டு உருதுவில். எங்கே வைப்பது என்று சண்டை வந்தது. நடுவில் குழாயையும் பாலர் பள்ளியையும் வைத்து, தீப்பெட்டிகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினார்கள். மேல்மாடி வேண்டாம் என்று சொன்ன பெண்ணிடம், இடம் பத்தாதே, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கம்மா என்று முனியப்பா கெஞ்சினார். வேட்டியை உதறிக்கொண்டு போன அந்த வயதானவரும் திரும்பி வந்தார். நான் போர்வைக்குள் போய்ப் படுத்தபோதுகூட அவர்கள் சத்தம் காதில் இருந்தது.

சனிக்கிழமை பொறியியலாளர் வந்தார். கால்சட்டையை மேலே இழுத்துவிட்டுத் துணியின் ஓரமாகக் குந்தினார். அதிகம் கதைக்காத மனிதர். இது பொது வசதிக்காக ஒதுக்கிய சைட், இதில் வீடு கட்ட விதி இடம் கொடுக்காது என்று எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிட்டார். பாலர் பள்ளிக்கும் குழாய்க்கும் எழுதலாம், தன்னால் ஆனது அவ்வளவுதான். தீப்பெட்டிகளை எடுத்துவிட்டால் படம் தெளிவாக இருக்கும், போட்டோ பிடித்துக்கொண்டு போகலாம் என்றார்.

ஜெயராஜ் என்னைப் பார்த்தார். நான் சகாயமேரியைப் பார்த்தேன். அவள் குனிந்து எதையும் எடுக்கவில்லை.

"குடுக்க முடியாதுன்னா முடியாதுன்னு எழுதுங்க சார். கேக்கலன்னு மட்டும் எழுதாதீங்க."

அவர் தீப்பெட்டிகள் இருந்தபடியே போட்டோ எடுத்தார். கார் நிறுத்த இடம் சும்மா கிடக்கிறது என்று இனி எழுத முடியாது, ஆட்கள் வீடு கேட்கிறார்கள் என்றே எழுதுகிறேன் என்று ஜெயராஜிடம் கன்னடத்தில் சொன்னார். அதில் மனெ என்ற சொல் வந்தது. இப்போது அது எனக்கு விளங்கியது.

எழுந்திருக்கும் முன் குனிந்து ஒவ்வொரு தீப்பெட்டியிலும் இருந்த பெயரை வாசித்தார். உருதுவைப் பக்கத்தில் நின்றவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். ஏழாம் கட்டத்து மெழுகு வீட்டுக்குப் பக்கத்தில், அதை ஒட்டினாற்போல இருந்த தீப்பெட்டியில் அவர் விரல் நின்றது. அதில் பெயர் இல்லை. முன்பக்கம் மட்டும் பேனா மையால் நீலமாகத் தீட்டியிருந்தது.

இது யாருடையது என்று கேட்டார். எனக்கும் தெரியவில்லை. நேற்று நான் கிளம்பியபோது அது அங்கே இல்லை.

"அது இந்த அக்காதுங்க சார்" என்றாள் சகாயமேரி. "அவங்க மனெக்கு அவங்களே போக முடியாது. அதான் எங்க பக்கத்துல ஒண்ணு வச்சோம்."

எதையாவது சொல்லிச் சமாளிக்க வேண்டும் என்பதற்காக, விதிப்படி இரண்டு பேர் கை தூக்க வேண்டுமே என்றேன்.

"எல்லாரும் தூக்கினோம்க்கா. நீங்க போனப்புறம்."

பொறியியலாளருக்கு நான் யார், என் வீடு எங்கே என்ற கதையெல்லாம் தெரியாது. அவர் கேட்கவும் இல்லை. நீலத் தீப்பெட்டியைத் தொட்டு, சற்றே சரிந்திருந்ததை நேராக்கி வைத்துவிட்டு எழுந்து போனார்.

ஞாயிறு காலை முனியப்பாவின் ஓட்டோவில்தான் விமான நிலையத்துக்குப் போனேன். பெட்டி முன்னைவிடக் கனம் குறைவாக இருந்தது. துணியையும் துண்டுகளையும் சந்தில் விட்டுவிட்டேன், மழை வந்தால் தீப்பெட்டிகளைக் கொட்டகையின் உள்பக்கம் தள்ளிவைப்பதாகச் சகாயமேரி சொல்லியிருந்தாள். அவள் வழியனுப்ப வரவில்லை. ஞாயிறும் வேலை, பரீட்சைக்கு முன்னால் புது வாடகை வீடு ஒன்றும் பார்த்தாக வேண்டும். அவள் வந்திருந்தால் ஒரு பை-டூ கோப்பி குடித்திருக்கலாம் என்று வழியெல்லாம் நினைத்தேன்.

பாதி வழியில் முனியப்பாவுக்குத் தொலைபேசி வந்தது. ஒரு கையால் வண்டியை ஓட்டிக்கொண்டே, யாரை ஏற்றிக்கொண்டு போகிறார் என்று வீட்டில் யாருக்கோ சொன்னார்.

"அக்கா மனெகெ ஹோக்தா இதாரெ."

அக்கா வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறார். நான் போய்க்கொண்டிருந்தது வெள்ளவத்தையில் இருந்த வாடகை மாடிக்கு. முள்ளுக்கம்பிக்கு அந்தப் பக்கம் நீலப் படலை நிற்கிறதா, சுவர்கள் நிற்கின்றனவா, எல்லாம் தரைமட்டமாகி மணல் மட்டும் கிடக்கிறதா, எனக்குத் தெரியாது. அங்கே எனக்கு இருப்பது அவர்களுடைய மனெயா, நான் துணியில் எழுதிய மனையா என்று சொல்ல இன்றைக்கும் என்னால் முடியாது. முனியப்பா தொலைபேசியை வைத்துவிட்டுக் கண்ணாடியில் என்னைப் பார்த்து, சரியாத்தானே சொன்னேன் என்று தமிழில் கேட்டார்.

ஓம் என்றேன்.